பூட்டிய தாய்வீடு

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே வந்து, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஓடையும் காடுமாகக் கிடக்கும் அமிர்தியை அடைகிறவர்களில் பெரும்பாலோர், 1967-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிறிய விலங்குப் பூங்காவில் மான்களையும் மயில்களையும் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, மழை பெய்திருந்தால் அருவி வரை நடந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மரத்தடியில் அவிழ்த்து உண்டு, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். நானும் பல வருஷங்களாக அப்படி வந்து அப்படியே திரும்பிய கூட்டத்தில் ஒருவன்தான். சென்ற மாசி மாதத்தில் ஒரு காலை வேளையில், பஸ் தாமதமான காரணத்தால் சாலையோரத்தில் நிற்க நேர்ந்தபோதுதான், அவ்வூரில் மனிதர்களும் வசிக்கிறார்கள் என்பதை என் கண்கள் முதன்முதலாக ஏற்றுக்கொண்டன.

எதிர்வீட்டு வாசலில் ஒரு கிழவி பலகையின்மேல் அமர்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே பள்ளமாய் அமைந்த இடத்தில் ஒரு சிசுவைக் குப்புறக் கிடத்தி, குண்டானிலிருந்து வெந்நீரை மொண்டு மொண்டு முதுகில் வார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், காதுகளில் பஞ்சை அடைத்துத் தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பெண், உலர்ந்த துணியை இரு கைகளாலும் ஏந்தியபடி, வாத்தியார் முன் நிற்கும் மாணவியைப் போல நின்றாள். “முட்டிக்கையில ஊத்திப் பாரு. உனக்குச் சுட்டா அதுக்கும் சுடும்” என்று கிழவி சொல்ல, அவளும் குனிந்து முழங்கையில் நீரை ஊற்றிப் பார்த்தாள். பேச்சுக்காக, “என்ன வயசு ஆயா?” என்று கேட்டேன். கிழவி வாய் திறக்குமுன் அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது: “பதினெட்டு முடிஞ்சிச்சி சார்.”

கிழவி சிரித்துவிட்டாள். “அவரு புள்ளைய கேக்குறாருடி! முப்பத்திரெண்டு நாளு ஆவுது சார்.”

பேத்தியா என்று விசாரித்தேன். பேத்தியும் இல்லை, உறவும் இல்லை, பக்கத்து வீட்டுக்கு வாழ வந்தவள், பெற்றவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, மாமியார் ‘கம்பெனி’க்குப் போய்விடுகிறாள். “பச்ச ஒடம்புக்காரிய எப்டி சார் தனியா உட்றது?” என்பதோடு கிழவி தன் விளக்கத்தை முடித்துக்கொண்டாள். என் மனத்தில் தங்கிப்போனது, கேளாத கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன விடைதான். எத்தனை பேர், எத்தனை மேஜைகளுக்கு அப்பாலிருந்து, எத்தனை முறை அவளுடைய வயதைக் கேட்டிருந்தால், குழந்தையின் வயதைக் கேட்கிறவனுக்கும் தன் வயதைச் சொல்லும் பழக்கம் ஒருத்திக்கு ஏற்பட்டிருக்கும்!

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் நாட்டில் வெறும் சம்பிரதாயமாக மட்டும் இருந்ததில்லை. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள் குலுங்கப் பெண்ணை அழைத்துச் சென்று, பிரசவத்துக்குப் பின் பூண்டும் பால்சுறாப் புட்டும் லேகியமுமாக அவள் உடம்பைத் தேற்றி, இரவில் சிசு அழுதால் பாட்டி எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள, மார்பு கட்டிக்கொண்டால் ஒத்தடம் கொடுக்க, குழந்தை பால் கக்கினால் அது நோயா இயல்பா என்று பிரித்துச் சொல்ல, மூன்று மாதமோ ஐந்து மாதமோ அவளை வைத்திருந்து, தொட்டிலும் சீருமாகத் திருப்பி அனுப்புகிற அந்த ஏற்பாட்டை, ஒரு பெரிய வித்தையைக் கற்பிக்கும் குருகுலம் என்றே சொல்லவேண்டும். பிள்ளையைப் பெறுவதற்கு உடம்பு போதும். வளர்ப்பதற்கு அருகில் ஒரு மனுஷி வேண்டும் என்பதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். இருபத்தைந்து வயதில் தாயாகும் பட்டதாரிக்கே இந்தக் குருகுலம் அவசியமாயிருக்கிறதென்றால், பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி ஒரு வருஷம்கூட ஆகாதவளுக்கு அது எவ்வளவு அவசியம் என்று விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவளுக்குத்தான் அந்த வீட்டின் கதவு முதலில் சாத்தப்படுகிறது. வயது நிரம்பாமல் தாயாகிறவர்களில், பெற்றோரே அவசரப்பட்டு மணம் செய்து கொடுத்தவர்கள் ஒரு வகை. தானே ஒருவனோடு புறப்பட்டுப் போய்விட்டவள் மற்றொரு வகை. இரண்டாமவள், ஜாதி வேறாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், அம்மாவின் வீட்டை அந்த இரவோடு இழக்கிறாள். வளைகாப்பு இல்லை, லேகியம் இல்லை, தாய்மாமன் இல்லை. புக்ககத்திலோ, பிள்ளையை மயக்கி இழுத்துக்கொண்டு வந்தவள் என்ற பெயர் ஏற்கெனவே அவளுக்காகக் காத்திருக்கிறது.

முதல் வகையைச் சேர்ந்தவளுக்குக் கதவு திறந்திருக்கும் என்று எண்ணுகிறோம். இந்தத் தோல் சீமையில் அதுவும் நிச்சயமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களின் ‘ஷூ கம்பெனி’களில் தைக்கிறவர்களும் ஒட்டுகிறவர்களும் மிகுதியும் பெண்களே. பொழுது முழுதும் புலர்வதற்குள் கம்பெனி பஸ் கிராமத்து முனையில் வந்து நிற்கிறது. தூக்குச்சட்டியோடு ஏறுகிறவர்களில் ஒருத்தி, பதினேழு வயதில் மணமாகி, இன்று முப்பத்தைந்து வயதில் பாட்டியாகியிருப்பவள். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் தலைப்பிள்ளைக்காரியான மகள் பகல் முழுவதும் தனியே. மகப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை தந்த 2017-ஆம் வருஷத்துத் திருத்தம், பெறுகிறவளைத்தான் நினைத்தது. பெறுகிறவளின் தாயைப் பற்றி எந்தச் சட்டமும் நினைத்ததில்லை. பெறுகிறவளுக்கோ அந்த விடுமுறை எட்டுவதில்லை, ஏனெனில் கம்பெனியின் பேரேட்டில் ஏறும் வயது அவளுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சேரும் செருப்பின் மேல்தோலை ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கையால் தைத்துக்கொண்டு, ஒரு காலால் தொட்டிலை ஆட்டுகிற பெண்ணுக்கு முதலாளி யார் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தோல் தொழில் என்றதும் அதன் கழிவுநீரால் கெட்ட பாலாற்றின் கதியைப் பற்றிப் பேசுகிறோம், 1996-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நினைவுகூர்கிறோம், நியாயந்தான். பகலில் பூட்டிக் கிடக்கும் தாய்வீடுகளும் அந்தத் தொழிலின் கணக்கில் சேரவேண்டியவை என்று எனக்குப் படுகிறது.

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இருபது முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் பதினெட்டு நிரம்புமுன் மணமானவர்கள். பதினைந்து முதல் பத்தொன்பது வரை உள்ளவர்களில் 6.3 பேர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பவதிகள். தேசத்தின் சராசரி முன்னதில் 23.3, பின்னதில் 6.8. மணத்தில் தேசத்தைவிட வெகுதூரம் முன்னேறிய நாம், இளவயதுக் கர்ப்பத்தில் அதன் அருகிலேயே நிற்கிறோம். பத்தொன்பது வயதில் சட்டப்படி மணந்து கருவுற்றவர்களும் இக்கணக்கில் அடங்குவர் என்பது மெய்யே ஆயினும், நம் பெருமையைச் சற்று அடக்கிக்கொள்ள இந்த இரண்டு எண்கள் போதும்.

இளவயதுப் பிரசவத்தோடு வேலூருக்கு ஒரு பழைய பந்தம் உண்டு. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், தம் வாலிபத்தில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த காலத்தில், ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தத்தம் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி அவரை வேண்டினார்கள் என்றும், தாம் வைத்தியம் அறியாதவள், தந்தையார்தான் வைத்தியர் என்று அவர் சொல்லியும், அந்நிய ஆடவரை அந்தப்புரத்துள் விட அவர்கள் இசையவில்லை என்றும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர் என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லாரும் கூறுவர். அம்மூவரில் முதலாமவளுக்கு வயது பதினான்கு. அந்த இரவின் பாரத்தைச் சுமந்துகொண்டு அமெரிக்கா சென்று, 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவர் தொடங்கிய சிகிச்சைதான், 1902-ல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனையாகி, 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகி, இன்று தேசமெங்கும் அறிந்த சி.எம்.சி.யாக நிற்கிறது. பதினான்கு வயதுக் கர்ப்பவதி ஒருத்தியின் மரணத்திலிருந்து முளைத்த விருட்சம் அது. அதன் நிழல் விழும் தூரத்தில்தான் அமிர்தி இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் வைத்தியர்கள் இதே கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, தாய்வீட்டைப் பற்றி நான் மேலே உணர்ச்சியோடு சொன்னதை எண்களில் சொல்லியிருக்கிறது. நிறைகர்ப்பிணிகள் 359 பேரைப் பிரசவத்துக்கு முன்னும், பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள்ளும் சந்தித்துப் பேசியதில், நூற்றுக்குப் பதினொருவருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டிருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், சரீர ஒத்தாசை செய்ய ஆளில்லாமை. கடைசியாகச் சொன்னதை மட்டும் வாசகர்கள் மறுமுறை படிக்கவேண்டும். வெந்நீர் காய்ச்சிக் கொடுக்கவும், துணி அலசிப் போடவும், குழந்தையை ஒரு நாழிகை வாங்கிக்கொள்ளவும் ஆளில்லாதது ஒரு நோய்க்குக் காரணமாகும் என்றால், அந்தக் கிழவி காலை நீட்டி உட்கார்ந்தது ஒரு சிகிச்சையே. மணமான வீட்டுப் பெண்களைப் பற்றிய பொதுக் கணக்கு அது. இந்தக் காரணங்களில் நான்கு ஒருங்கே வந்து ஒரு பதினாறு வயதுக்காரியின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவரவர் ஊகத்துக்கு விடுகிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பதினெட்டு நிரம்பாதவளோடு உடலுறவு, அவளே இசைந்தாலும், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி குற்றம். அவள் மனைவியாகவே இருந்தாலும் அது பலாத்காரமே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காத வைத்தியரும் தண்டனைக்குரியவர். இந்தச் சட்டத்தின் நோக்கத்தில் எனக்குச் சிறிதும் மாறுபாடில்லை. குழந்தைக்குக் குழந்தை பிறப்பதை அன்பென்றும் விதியென்றும் பூசி மெழுகுகிறவர்களுடைய கட்சியில் நான் இல்லை. கர்ப்பகால வலிப்பும், பிரசவத்துக்குப் பின் கிருமி தொற்றுவதும், எடை குறைந்த சிசுவும் இந்த வயதில் அதிகம் என்பது உலகறிந்த வைத்திய உண்மை. அப்படிப்பட்டவள் மற்றெல்லாரையும்விட முன்னதாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவேண்டும். ஆனால் வைத்தியர் எழுதும் சீட்டே வழக்கின் முதல் ஏடாகும் என்று தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? பிள்ளையின் தகப்பனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு யாருடைய சம்பாத்தியத்தில் பால் வாங்குவது என்று யோசிக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் வரும் நாளில் பெண்ணைப் பாட்டி ஊருக்கு அனுப்பும். மாதங்கள் கடந்தபின் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும். போகிற வழியில் பாடம் சொல்லிக் கொடுக்கும், ‘பதினெட்டு முடிஞ்சிச்சி’ என்று.

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலின் ஒரு முனையை அவிழ்த்தது. கருவைக் கலைத்துக்கொள்ள வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால், வைத்தியர் தெரிவிக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்றது. விவேகமான தீர்ப்பு. ஆனால் கலைக்க வருகிறவளுக்குக் கிடைத்த இந்த மறைவு, பெற்றெடுக்க வருகிறவளுக்குக் கிடைக்கவில்லை.

மேற்கு வங்காளத்துப் பெண்ணொருத்தியின் வழக்கில் 2025 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்னதை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. பதினான்கு வயதில் ஒருவனோடு வீட்டைவிட்டுப் போய்த் தாயானவள் அவள். அவனுடைய குற்றம் உறுதிசெய்யப்பட்டிருந்தும், நிபுணர் குழு ஒன்றை அனுப்பி அவளுடைய நிலையை விசாரித்தறிந்த நீதிபதிகள், நடந்த குற்றத்தைவிட அதற்குப் பின் வந்த போலீஸும் கோர்ட்டும் அவனை மீட்க அவள் பட்ட பாடுமே அவளை அதிகம் வதைத்தன என்று கண்டு, தண்டனை விதிக்காமல் விட்டு, அவள் படிப்புக்கும் குழந்தையின் பராமரிப்புக்கும் அரசாங்கமே பொறுப்பேற்கும்படி ஆணையிட்டனர். சமூகம் அவளைப் பழித்தது, குடும்பம் கைவிட்டது, சட்டம் உதவத் தவறியது என்ற கருத்தையும் பதிவு செய்தார்கள். பல வருஷ வழக்குக்குப் பின் ஒருத்திக்குக் கிடைத்த தாய்வீடு அது. உச்ச நீதிமன்றம் வரை போகாதவர்களுக்கு?

நம் மாகாணத்தில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 முதல் ஓர் உதவித் திட்டம் நடக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக அதன் மதிப்பு 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. தாய்க்கு வயது பத்தொன்பது நிரம்பியிருக்கவேண்டும். சென்னைச் சட்டசபையில் 1926-ல் உறுப்பினராகி, பால்ய விவாகத்தை எதிர்த்துப் போராடி, 1929-ன் சாரதா சட்டத்துக்கு ஆதரவு திரட்டிய அம்மையாரின் பெயரைத் தாங்கும் திட்டத்தில், பால்ய விவாகத்துக்கு வெகுமதி கொடுத்ததாகிவிடக்கூடாதே என்ற எண்ணத்தால் இந்த நிபந்தனை வந்திருக்கலாம். எண்ணம் நல்லதே. ஆனால் 18,000 ரூபாயை உத்தேசித்துப் பதினாறு வயதில் கருவுற்ற பெண் எந்த ஊரிலாவது உண்டா? தண்டனை போய்ச் சேருவது மணம் பேசிய மாமனையோ தாலி கட்டியவனையோ அல்ல. பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச் சத்து மருந்தும் வராமல் போவது அவளுடைய வயிற்றுக்கும் அதிலிருக்கும் சிசுவுக்கும்தான். ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்காக மத்திய அரசு தரும் ஜனனி சுரக்ஷா உதவியில் இருந்த வயது வரம்பு 2013-லேயே நீக்கப்பட்டது. அதனால் பால்ய விவாகம் பெருகிற்று என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. அவ்வை இல்லத்தை நிறுவி, போக்கிடமற்ற பெண்களுக்குப் புகலிடம் தந்த முத்துலட்சுமி அம்மையாரிடமே இந்த விஷயத்தைக் கொண்டுபோயிருந்தால், கல்யாணத்தை நடத்தியவர்களை ஒரு கையால் பிடித்துப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டு, மறு கையால் அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி ஊற்றியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

அங்கன்வாடியின் சத்துமாவுக்கு வயது வரம்பில்லை. ஆனால் மாவு வாங்கப் பெயர் கொடுக்கவேண்டும். அரசாங்கமே மண்டபம் பிடித்து, வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் போட்டு நடத்தும் சமுதாய வளைகாப்பு, தாய்வீடு கைவிட்டவர்களுக்கென்றே யாரோ நினைத்து ஏற்படுத்தினாற் போன்ற அழகான காரியம். அங்கேயும் மேடையில் புகைப்படம் எடுக்கிறார்கள். பெயரும் படமுமே பயமாகிவிட்டவள் வரிசையில் வந்து நிற்கமாட்டாள்.

ஜமைக்கா தீவின் தலைநகராகிய கிங்ஸ்டனில் 1978-ல் தொடங்கிய மகளிர் மையம் ஒன்று, கர்ப்பத்தால் பள்ளியை விட்ட சிறுமிகளைப் பகலில் அழைத்துக்கொண்டு, வகுப்பு நடத்தி, பிரசவத்துக்குப் பின் குழந்தையை அங்கேயே தொட்டிலிலிட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறது. அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊரில் அதே காலத்தில், தலைப்பிள்ளை சுமக்கும் இளம் ஏழைப் பெண்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு குறிப்பிட்ட செவிலியே கர்ப்பம் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை போய்வந்தாள். பதினைந்து வருஷங்களுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, அவ்வீடுகளில் குழந்தைகள் வதைபடுவதும் அலட்சியப்படுத்தப்படுவதும் வெகுவாகக் குறைந்திருந்தன. மாறி மாறி வரும் அதிகாரிகளுக்குப் பதிலாக ஒரே முகம் என்பதில்தான் அதன் சூட்சுமம் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த முகம் நமக்கு அகப்படாத பொருளல்ல. ஒவ்வோர் ஊரிலும் பிள்ளை குளிப்பாட்டத் தெரிந்த ஆயா ஒருத்தி இருக்கிறாள். இன்னும் பத்து வருஷங்களில் இருக்கமாட்டாள், ஏனெனில் அவளுக்கு அடுத்த தலைமுறை கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது. நூறு நாள் வேலைக்கு ஏரியில் மண் வெட்டப்போகும் அவளை, அந்தக் கூலியையே கொடுத்து, தலைப்பிள்ளைக்காரியின் வாசலில் மூன்று மாதம் காலையும் மாலையும் உட்கார வைத்தால் கஜானா குறைந்துவிடாது. அவளிடம் பேரேடு வேண்டாம். வயது கேட்கும் உத்தியோகமும் வேண்டாம். வழக்கு உண்டென்றால் அது தன் வழியில் நடக்கட்டும். அதை நடத்துகிறவரும் வெந்நீர் வைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டியதில்லை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே சட்டம் எழுதிய தேசம், அந்தக் காப்பகத்தில் பேரனையோ பேத்தியையோ கொண்டுவந்து விட அந்த முப்பத்தைந்து வயதுப் பாட்டியை அனுமதித்தால், தைக்கப்படும் செருப்பில் ஒரு தையலும் பிசகிவிடாது. மகளும் பாதியில் விட்ட பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம். உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குத் தந்துவந்த பணத்தை 2022-ல் படிப்புக்குத் திருப்பிவிட்டதனால் உண்டானது. திருப்பிவிட முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பஸ் வந்து நின்றது. குழந்தை துணியில் சுற்றப்பட்டுத் தாயின் கைக்குப் போயிருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை வாசல்வரை வந்தது. கிழவி ஈரக்கால்களை மடக்கி, சுவரைப் பிடித்து எழுந்து, குண்டானைக் கவிழ்த்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னது, நான் படியில் கால் வைக்கும்போது காதில் விழுந்தது:

“நாளைக்கி நீ கால நீட்டிக் குந்து. நான் பக்கத்துல குந்திக்கினு கீறேன்.”